தாம்சனைப் போல வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு நான்கு வருடமாக ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சம்பளம் 17 ஆயிரம், வயது 29. சொந்த ஊர் குமாரபாளையம். தாத்தா கைத்தறி, அப்பா விசைத்தறி. எங்கள் ஊர் நெசவாளர்களின் சமூக வரலாற்றை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் வகுப்பு, பேப்பர் திருத்துவது, அட்மிஷனுக்காக வீடு வீடாக அலைவது என்றே நாள் ஓடிவிடுகிறது. ஈ. பி. தாம்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரைப் பற்றிப் படித்தேன். முனைவர் பட்டம் இல்லாமல், இரவு வகுப்பு எடுத்துக்கொண்டே உலகப் புகழ்பெற்ற புத்தகத்தை எழுதினாராம், பிறகு கிடைத்த பல்கலைக்கழக வேலையையும் வேண்டாமென்று தூக்கி எறிந்தாராம். நானும் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடலாமா? அப்பா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார்.

பதில்: விடாதீர்கள். அடுத்த மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரிகிற வரைக்கும் விடாதீர்கள். பேங்க் எக்ஸாம் விஷயத்தில் உங்கள் அப்பாவோடு நான் சண்டைக்கு வரமாட்டேன், 17 ஆயிரத்தில் நான்கு வருடம் ஓட்டுகிற மகளைப் பார்த்தால் எந்த அப்பாவும் அதைத்தான் சொல்வார். ஆனால் நீங்கள் தாம்சனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் கதையை முப்பது வருடமாக வகுப்பில் சொல்லி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது பாதிக் கதைதான். யார் கொடுத்த சம்பளத்தில், எந்த ஊரில், யாரோடு உட்கார்ந்து எழுதினார் என்பது மீதிப் பாதி. உங்களுக்குத் தேவைப்படுவது அந்த மீதிப் பாதி.

முதலில் அந்த இரவு வகுப்பு. நீங்கள் அதை டியூஷன் மாதிரி, வயிற்றுப்பாட்டுக்குச் செய்த சில்லறை வேலை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அது அப்படியில்லை. தாம்சன் 1924-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சேர்ந்து, நடுவில் போர் வந்து, இத்தாலியில் டாங்கிப் படையில் இருந்துவிட்டுத் திரும்பிப் படிப்பை முடித்து, 1948-ல், 24 வயதில், லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் புறநிலைக் கல்வித் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். முழுநேரப் பல்கலைக்கழக வேலை, மாதச் சம்பளம். 1965 வரை அதே வேலைதான், பதினேழு வருடம். குடியிருந்தது லீட்ஸில்கூட இல்லை, ஹாலிஃபாக்ஸில், கம்பளி நெசவுக்குப் பேர்போன பழைய ஊர்.

வேலை என்னவென்றால், சாயங்காலத்தில் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், தொழிலாளர் கல்விச் சங்கம் கூட்டிவைத்திருக்கிற பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவது. ஒரு வகுப்பு மூன்று வருடம் நடக்கும், வருடத்துக்கு 24 வாரம், வாரம் இரண்டு மணி நேரம். மார்லி, பேட்லி, டாட்மார்டன் மாதிரியான மில் ஊர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், வீட்டுப் பெண்கள், பள்ளி ஆசிரியர்கள். அங்கே அவர் நடத்தியது வரலாறு மட்டும் இல்லை, ஆரம்பத்தில் பெரும்பாலும் இலக்கியம்தான். அவருடைய துறைத் தலைவர் ரேபோல்ட் என்பவர், பெரியவர்கள் வகுப்பு என்றாலும் பல்கலைக்கழகத் தரம் குறையக் கூடாது என்று கறாராக இருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பையன், 1950-ல், பல்கலைக்கழகத் தரம் என்ற அந்தப் பேச்சையே எதிர்த்து நீளமாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அந்த அளவுக்கு வாய்க்கொழுப்பு தாங்குகிற வேலை அது என்பதையும் கவனியுங்கள். உங்கள் சுயநிதிக் கல்லூரியில் நீங்கள் பிரின்சிபாலுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால் மறுநாள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வகுப்புகளில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் எந்த ஊர் மனிதர்கள்? அவர் எழுதப்போகும் கைத்தறிக்காரர்களும், துணியின் மேல்ரோமத்தைப் பெரிய கத்தரியால் வெட்டிச் சீராக்கிய தொழிலாளிகளும், 1812 வாக்கில் இயந்திரங்களை உடைத்த லுட்டைட்டுகளும் வாழ்ந்த அதே யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளின் மனிதர்கள். பாடம் சொல்லப் போன இடத்தில் பாடம் கேட்டும் வந்தார். 1963-ல் வந்த ‘த மேக்கிங் ஆஃப் தி இங்கிலிஷ் ஒர்க்கிங் கிளாஸ்’ புத்தகத்தின் முன்னுரையில், என் வகுப்பு உறுப்பினர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மரியாதைக்காகப் போட்ட வரி இல்லை அது. புத்தகம் முழுக்க அடிக்கும் யார்க்‌ஷயர் வாடை லண்டன் ஆவணக்காப்பகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

ஆக, சம்பளம் கொடுத்த வேலையே புத்தகத்துக்கும் தீனி போட்டது. இதுதான் நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. வேலை ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரித்து, ஒன்றைக் கொன்றால்தான் இன்னொன்று பிழைக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, தாம்சனின் நல்ல வருடங்கள் அதற்கு நேர் எதிர்ச்சாட்சி.

அப்புறம், அந்தப் புத்தகம் பிறந்த கதை. கனவெல்லாம் இல்லை, கையில் காசில்லை. தொழிலாளர் இயக்கத்தைப் பற்றி ஒரு பாடப்புத்தகம் வேண்டும், 1832-லிருந்து 1945 வரை, என்று ஒரு பதிப்பாளர் கேட்டார். பணமுடையில் இருந்த தாம்சன் ஒப்புக்கொண்டு, 1790-லிருந்து ஆரம்பிக்கிறேனே என்றார். கடைசியில் வந்தது 800 பக்கத்துக்கு மேல், அதுவும் முதல் அத்தியாயம் மட்டும்தான், 1832-லேயே நின்றுவிட்டது! மீதியை அவர் எழுதவே இல்லை. பிற்பாடு ஒரு பேட்டியில் இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். எழுத உட்கார்ந்தது சில வருடம்தான், ஆனால் அதற்கு முன்னால் வகுப்பு எடுத்தது பத்து வருடத்துக்கு மேல், வில்லியம் மோரிஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர், சோஷலிஸ்ட் பற்றி 1955-ல் ஒரு தடித்த புத்தகம் போட்ட அனுபவம் வேறு. நீங்கள் சொல்கிற ‘இரண்டு வருடம் வீட்டில்’ கணக்கு இதில் எங்கேயும் ஒட்டாது.

தனியாளாக எழுதினார் என்பதும் சரியில்லை. 1946-லிருந்து பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்று இருந்தது. கிறிஸ்டஃபர் ஹில், எரிக் ஹாப்ஸ்பாம், ராட்னி ஹில்டன், ஜான் சாவில் எல்லாரும் அதில். டோனா டோர் என்ற அம்மையார், எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் இல்லாதவர், இளையவர்களின் கைப்பிரதியை உட்கார்ந்து படித்துத் திருத்திக் கொடுப்பார். தாம்சனுக்கு ‘கைடு’ என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். 1956-ல் ஸ்டாலின் செய்த அட்டூழியங்கள் வெளிவந்த விவகாரத்திலும், ஹங்கேரி எழுச்சியைச் சோவியத் படை அடக்கிய விவகாரத்திலும் தாம்சனும் சாவிலும் கட்சியை எதிர்த்து ‘த ரீசனர்’ என்று சைக்ளோஸ்டைல் பத்திரிகை நடத்தி, மூன்று இதழோடு கட்சியை விட்டே வெளியேறினார்கள். கட்சி போனாலும் நட்பில் பெரும்பகுதி போகவில்லை.

எல்லாருக்கும் மேலே டோரதி. 1948-ல் கல்யாணம், மூன்று பிள்ளைகள். டோரதி தாம்சனும் கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர், 1830, 40-களில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பிரிட்டிஷ் தொழிலாளர்களின் சார்ட்டிஸ்ட் இயக்கத்தைப் பற்றி இன்றைக்கும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் பிள்ளைகள் சின்னதாக இருந்த வருடங்களில் அவருக்குக் கிடைத்தது பகுதிநேர வகுப்புகள்தான், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முழுநேர வேலை கிடைத்தபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார், ‘த சார்ட்டிஸ்ட்ஸ்’ புத்தகம் வந்தது 1984-ல். கணவருடைய பெரிய புத்தகத்துக்கும் அதற்கும் இருபத்தொரு வருட இடைவெளி. முன்னுரையில் தாம்சன் மனைவியின் பங்கு இந்தத் தகவல் அந்தத் தகவல் என்று இல்லை, முழுப் பிரச்சினையையும் பார்க்கிற பார்வையிலேயே இருக்கிறது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். நல்ல மனுஷன், ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த இருபத்தொரு வருடத்தை நீங்கள் ஒரு பெண் என்ற முறையில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாம்சன் கதையைப் படிக்கிற பையன்கள் தங்களைத் தாம்சனாகவே நினைத்துக்கொள்கிறார்கள், வீட்டில் டோரதி யார் என்று ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை.

முனைவர் பட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தலைமுறையில் பிரிட்டனில் அது பெரிய விஷயமே இல்லை, இளநிலைப் பட்டம் வாங்கிய கையோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏகப்பட்ட பேர். இங்கே இன்றைக்கு நிலைமை அப்படியில்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2023 ஜூலையிலிருந்து நெட் அல்லது செட் (தேசிய, மாநில அளவிலான தகுதித் தேர்வுகள்) கட்டாயம், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதியை மாற்றியது. காகிதத்தில் அப்படி. நேர்காணல் மேசையில் பட்டம் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சரி, வேலையைத் தூக்கி எறிந்த கதைக்கு வருகிறேன், உங்களை மயக்கியது அதுதான் என்று நினைக்கிறேன். 1965-ல் புதிதாகத் தொடங்கிய வார்விக் பல்கலைக்கழகம் அவரை அழைத்து, சமூக வரலாற்று ஆய்வு மையத்தைக் கட்டச் சொன்னது. கட்டினார். அங்கே வந்து சேர்ந்த மாணவர்களோடு பதினெட்டாம் நூற்றாண்டுக் குற்றம், தண்டனை, திருட்டு வேட்டை, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய சரக்கை ஊர்க்காரர்கள் அள்ளியது என்றெல்லாம் தோண்டியது 1975-ல் ஒரு கூட்டுப் புத்தகமாக வந்தது. நடுவில் 1970 பிப்ரவரியில் மாணவர்கள் நிர்வாக அலுவலகத்தைக் கைப்பற்றியபோது, உள்ளே இருந்த கோப்புகள் வெளியே வந்தன. டேவிட் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் அங்கே வருகைப் பேராசிரியராக இருந்தார், அவர் ஒரு தொழிலாளர் கூட்டத்தில் பேசியதை ஒரு கம்பெனி ஆள் போய்க் கேட்டுக் குறிப்பெடுத்துக் கொடுத்திருந்தார். அது பல்கலைக்கழகக் கோப்பில் கிடந்தது. தாம்சன் சும்மா இருப்பாரா? ‘வார்விக் யுனிவர்சிட்டி லிமிடெட்’ என்று கம்பெனிப் பெயர் மாதிரியே தலைப்பு வைத்து, அந்த வருடமே ஒரு பெங்குவின் புத்தகம் தொகுத்துப் போட்டார். 1971-ல் வேலையை விட்டார்.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அப்போது அவருக்கு வயது 47. பெரிய புத்தகம் பெங்குவின் குழுமத்தின் பெலிக்கன் மலிவுப் பதிப்பாக 1968-லிருந்து விற்றுக்கொண்டிருந்தது, டோரதியின் பர்மிங்ஹாம் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வருகைப் பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. சண்டை ஒரு காரணம், முழுநேரமும் எழுத வேண்டும் என்பதும் ஒரு காரணம். அந்த முழுநேரமாவது கிடைத்ததா என்றால், 1980-லிருந்து ஐரோப்பாவில் அணு ஆயுதங்களுக்கு எதிரான இயக்கம் அவரை அப்படியே விழுங்கிவிட்டது, ஊர் ஊராகக் கூட்டம். பதினெட்டாம் நூற்றாண்டு மக்களின் வழக்கங்கள் பற்றிய கட்டுரைத் தொகுப்பு 1991-ல்தான் வந்தது. 1993-ல் காலமானார். வேலையை விட்டால் நேரம் கொட்டிக் கிடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் தலைப்புக்கு வருகிறேன். குமாரபாளையம் நெசவாளர்களை வைத்து முனைவர் பட்டமா, செல்லாத தலைப்பு என்று யாராவது சொல்வார்கள், பொருட்படுத்த வேண்டாம். தாம்சனின் அந்த 1963 புத்தகத்தில் நெசவாளர்கள் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள், முன்னுரையையும் சேர்த்து. விசைத்தறி வந்தது, கைத்தறி அழிந்தது, பாவம், காலத்தின் கட்டாயம் என்று பாடப்புத்தகம் சொல்லும். தாம்சன் தேதிகளை அடுக்கிப் பார்க்கிறார். கைத்தறிக்காரர் கூலி சரிய ஆரம்பித்தது விசைத்தறி பெரிய அளவில் வருவதற்கு முன்னாலேயே. பழைய கூலி வழக்கங்களும் தொழில் பயிற்சிப் பாதுகாப்பும் உடைந்து, யார் வேண்டுமானாலும் தறியில் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கூலியைக் குறைக்கலாம் என்று ஆனபோதே சரிவு தொடங்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலி கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள், 1808-ல் மசோதா தள்ளுபடி. 1830-களிலும் கேட்டார்கள், அப்போதும் கிடைக்கவில்லை. அதாவது எந்திரம் மட்டும் செய்த காரியம் இல்லை அது, சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார்ந்து சிலர் எடுத்த முடிவும் சேர்ந்ததுதான்.

இப்போது உங்கள் ஊருக்கு இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். இங்கே அரசு 1985-ல் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிச் சட்டமே போட்டது. அந்தச் சட்டம் காகிதத்தில் இருந்த வருடங்களில் உங்கள் தெருவில் என்ன ஓடியது? உங்கள் அப்பா எந்த வருடம் தாத்தாவின் தறியிலிருந்து எழுந்து விசைத்தறிக்குப் போனார், முதல் தறி வாங்க முன்பணம் கொடுத்தது யார், அந்தக் கடனுக்காக எத்தனை நாள் அந்த ஆளுக்கே ஓட்ட வேண்டியிருந்தது, தார் (ஊடை நூல்) சுற்றிய உங்கள் பாட்டிக்கும் அம்மாவுக்கும் கூலி என்று தனியாக ஏதாவது கைக்கு வந்ததா? கடைசிக் கேள்வியில் நீங்கள் தாம்சனைத் தாண்டிப் போகலாம், பெண்களின் உழைப்பு அவர் புத்தகத்தில் ஓரமாகத்தான் வருகிறது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னது நியாயமான குறை.

இன்னொன்றும் அவரிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. லுட்டைட்டுகளைப் பற்றி அவருக்குக் கிடைத்த சான்றுகளில் நிறைய, உள்துறை அலுவலகக் கோப்புகளில் இருந்த ஒற்றர்களின் அறிக்கைகள். ஒற்றனுக்குத் தகவலுக்குத் தகுந்த காசு, அதனால் ஊதிப் பெருக்குவான். எல்லாம் பொய் என்று ஒதுக்கிவிட்டவர்கள் உண்டு. தாம்சன் ஒதுக்கவில்லை, இவன் யாருக்கு எழுதுகிறான், எதற்கு எழுதுகிறான், இவன் சொல்வது வேறு எதோடு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தார். நாளைக்கு நீங்கள் ஒரு தாசில்தார் அறிக்கையையோ, வேலைநிறுத்தத்தைப் பற்றிய போலீஸ் குறிப்பையோ கையில் எடுக்கும்போது இதே வேலைதான்.

ஒரு கொசுறுத் தகவல். அவருடைய அப்பா வங்காளத்தில் பாங்குராவில் மிஷனரிக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், தாகூருக்கு நண்பர். மகன் 1976 டிசம்பரில், நெருக்கடி நிலைக் காலத்தில், கோழிக்கோட்டில் நடந்த இந்திய வரலாற்றுப் பேரவையில் வந்து பேசினார். பேசிய விஷயம் நாட்டார் வழக்காறும் மானுடவியலும் சமூக வரலாறும். ஊர் வழக்கம், சடங்கு, ஊர்வலம், கேலிப்பாட்டு இதெல்லாமும் சான்றுதான், ஆனால் பழசு என்பதற்காக நாட்டாரியல்காரர்கள் சேகரித்துவைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அது யாருக்கு என்ன வேலை செய்தது என்று கேட்க வேண்டும் என்கிற ரீதியில். உங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குத் தறிக்கு என்ன செய்கிறார்கள், போனஸ் பேச்சு எந்த நாளில் ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இனி காரியம். உங்களுக்கு இப்போது வேண்டியது ராஜினாமா இல்லை, ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. நெட் தேர்வில் அது கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37 ஆயிரம், அப்புறம் 42 ஆயிரம், வீட்டு வாடகைப்படி தனி, மொத்தம் ஐந்து வருடம். இன்றைய உங்கள் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் ஆராய்ச்சி செய்வதற்காகவே. வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு, ஆகவே பதறாமல் சில முறை எழுதிப் பார்க்க நேரம் இருக்கிறது. அது கிடைத்த அன்றைக்குக் கல்லூரி வேலையை விடுங்கள், நானே கைதட்டுகிறேன். கிடைக்காமல் போனால் யுஜிசியின் 2022 விதிகளின்படி வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேரலாம், கல்லூரியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சுயநிதி நிர்வாகங்கள் அதற்கு இழுத்தடிப்பார்கள், அதனால் வாய்மொழியாக ‘பார்க்கலாம்மா’ என்று சொன்னதை நம்பி உட்காராமல் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை கையில் இருக்கிற வேலையிலேயே தாம்சன் செய்த மாதிரி ஏதாவது செய்யலாம். அட்மிஷனுக்காக வீடு வீடாகப் போகிறீர்களே, அதில் பாதி தறிக்காரர் வீடாகத்தான் இருக்கும். அன்றைக்கே டேப்பை நீட்டாதீர்கள், கல்லூரிக்கு ஆள் பிடிக்க வந்த டீச்சரிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். எந்த வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருக்கிறார், எங்கே பரணில் பழைய கணக்கு நோட்டு கிடக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு, தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தீர்மானப் புத்தகங்கள் இருக்கும், செயலாளரிடம் பக்குவமாகப் பேசினால் அங்கேயே உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், வெளியே எடுத்துப் போகக் கேட்காதீர்கள். யாருக்குக் கடன் மறுக்கப்பட்டது, யாரை உறுப்பினர் ஆக்கவில்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், எந்த அரசாணையிலும் இருக்காது.

கோடை விடுமுறையில் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள், கல்லூரி லெட்டர்பேடில் அறிமுகக் கடிதம் கையில் இருக்கட்டும். போவதற்கு முன்னால் 1942-ல் வந்த கைத்தறி - மில் உண்மை அறியும் குழுவின் அறிக்கையைத் தேடிப் படித்துவிடுங்கள், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் தயாரானது. யாரிடம் என்ன கேட்டார்கள், எந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனால் எழும்பூரில் எந்தக் கோப்பைக் கேட்பது என்று தெரியாமல் முதல் வாரத்தை வீணடிக்க மாட்டீர்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் அந்தப் பயணத்திலேயே இரண்டு நாள் ஒதுக்கிவையுங்கள், பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.